பிடி அரிசிக்கு நோட்டு இல்லை

மொய் என்றால் என்னவென்று திருச்சுழிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காதுகுத்து வீட்டில் நோட்டோடு உட்கார்ந்திருப்பவரிடம் போய் அப்பா பெயரையும் ஊரையும் சொல்லி எழுத வைப்பது பல வீடுகளில் அவர்கள் வேலைதான். ஐப்பசி மழையை நம்பி விதைக்கும் மானாவாரிக் காட்டில் மொய் பெரிய காரியம். நொடித்த குடும்பத்தை அது தூக்கி நிறுத்துவதைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அது திரும்பி வர வேண்டிய பணம். அதனால் கொடுப்பதைப் பற்றி என் வகுப்பில் பேச்செடுக்கும்போது, மொய்யிலிருந்துதான் தொடங்குகிறேன். எழுதி வைக்காமல் கொடுப்பது எது என்று கேட்பேன். சித்திரை வெயிலில் வைக்கும் தண்ணீர்ப் பந்தல் என்பார்கள். களத்துக்கு வந்தவர்களுக்கு அள்ளிப் போடும் தவசம் என்பார்கள். அன்னதானம் என்று ஒருத்தி சொன்னால், “அதுக்கு நோட்டீஸ்ல பேரு போடுவாக டீச்சர்” என்று இன்னொருத்தி மறுப்பாள். அந்த மறுப்பு வந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

மீதிப் பாடம் பிடி அரிசி. விருதுநகர் சத்திரிய வித்யாசாலா அப்படி வளர்ந்த பள்ளி. வணிகர்கள் வியாபாரத்தில் மகமை என்று ஒரு பங்கைப் பொதுக் காரியத்துக்கு ஒதுக்கினார்கள். வீட்டில் பெண்கள், உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி எடுத்துத் தனியே வைத்தார்கள். வீடு வீடாக அதைச் சேர்த்துப் பள்ளிச் செலவுக்குக் கொடுத்தார்கள். காமராஜர் படித்தது அங்கேதான். அவர் முதலமைச்சராக இருந்தபோது 1956இல் மதிய உணவு தொடங்கியதும், ஊர்க்காரர்கள் தந்த தானியத்தையும் நன்கொடையையும் நம்பித்தான். இதைச் சொல்லும்போது ஒவ்வொரு ஆண்டும் எனக்குத் தொண்டை அடைக்கும். பிள்ளைகள் அதைப் பார்த்தால் பார்க்கட்டும்.

எங்கள் வகுப்பு மூலையில் ஒரு மண்கலயம் இருக்கிறது. திங்கள்கிழமை ஒரு பிடி. அரிசி, குதிரைவாலி, பாசிப்பயறு, எதுவானாலும் சரி. காசு மட்டும் கூடாது. காசில் பத்து ரூபாய்க்காரனும் நூறு ரூபாய்க்காரனும் உடனே பிரிந்துவிடுவார்கள். எட்டு வயதுக் கைகளோ எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. அந்தப் பிடியை அம்மா அள்ளித் தரக்கூடாது, பிள்ளையே அள்ள வேண்டும். கையை நிறைப்பதா, கொஞ்சம் தளர்த்துவதா என்று அது முடிவு செய்கிற அந்த ஒரு நொடிக்காகத்தான் இத்தனை ஏற்பாடும். கலயம் கதவுக்குப் பின்னால் இருப்பதும் காரணத்தோடுதான்: யார் போட்டார்கள், யார் போடவில்லை என்று எனக்குக்கூடத் தெரியக்கூடாது. பிரார்த்தனைக் கூட்டத்தில் பெயர் வாசியுங்கள், மற்றவர்களுக்கும் உற்சாகம் வரும் என்று பெற்றோர் கேட்பதுண்டு. நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார்கள். நான் இசைவதில்லை. வாசித்த மறுவாரமே அது மொய்யாகிவிடும்.

வீட்டில் ஒன்றுமில்லாத பிள்ளை என்ன செய்யும்? புடைக்கும், கல் பொறுக்கும், வண்டு விழாமல் வேப்பிலை காயவைத்துப் போடும். இந்த வேலைகள் எல்லோருக்கும் முறைவைத்து வருவதால், இல்லாதவன் வேலை என்ற பெயர் அதற்கு வரவில்லை.

சேர்ந்ததை யாருக்குக் கொடுப்பது என்பதுதான் கடினம். பள்ளியில் பசி இல்லை. 1982 முதல் மதியம் சத்துணவு, 2023 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் காலை உணவு. பசி வேறு வீடுகளில் இருக்கிறது. பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போய்விட, ரேஷன் அரிசியோடு தனியாக இருக்கிற அப்பத்தாக்கள் எங்கள் ஊரில் அதிகம். எந்த வீடு என்று பிள்ளைகள் முடிவு செய்வார்கள். முதலில் தங்கள் தெருவைத்தான் சொல்வார்கள். அது இயல்பு, பிடி அரிசி சேர்த்த பெரியவர்களும் முதலில் தங்கள் சமூகத்துப் பிள்ளைகளை நினைத்துத்தான் சேர்த்தார்கள். அந்தத் தெருவைத் தாண்டி அடுத்த தெருவுக்கு அவர்களை நடக்க வைப்பதுதான் ஆசிரியருடைய வேலை என்று நினைக்கிறேன். எல்லாத் தெருப் பிள்ளைகளின் பிடியும் ஒரே கலயத்தில் கலந்தபின், இது யார் வீட்டு அரிசி என்று வாங்குகிறவரால் பிரிக்க முடியாது. நான் மெனக்கெட்டு விளக்காத பாடம் இது. கலயத்தைக் கவிழ்த்துப் பார்த்தால் அவர்களுக்கே தெரிகிறது.

கொடுக்கப் போகும்போது உள்ளே வரச் சொன்னால் உட்கார வேண்டும், மோர் தந்தால் மறுக்காமல் குடிக்க வேண்டும், போட்டோ எடுக்கக்கூடாது. இவ்வளவுதான் கட்டளை.

இந்த ஆண்டு அருப்புக்கோட்டை நூற்பாலையில் வேலை செய்யும் பீகார்க் குடும்பம் ஒன்று எங்கள் ஊரில் குடியிருக்கிறது. கைக்குழந்தை உள்ள வீடு. அவர்களுக்குக் கொடுக்கலாமா என்று இரண்டு நாள் வாக்குவாதம். “அவுக சோறு திங்க மாட்டாக, ரொட்டிதான்” என்றான் ஒருவன். அவர்கள் சோறும் சாப்பிடுவார்கள் என்று நான் சொன்னேன். ஆனாலும் ரேஷனில் வாங்கிய கோதுமை தங்கள் வீட்டில் சும்மா கிடப்பது பலருக்கு ஞாபகம் வந்துவிட்டது. இப்போது கதவுக்குப் பின்னால் இரண்டு கலயம் இருக்கிறது.