ஆறு மாத ரோட் டேக்ஸ்

அப்பா தன் காருக்கு ரோட் டேக்ஸும் காப்புறுதியும் ஆறு மாதத்துக்குத்தான் எடுப்பார். "ஒரு வருசத்துக்கு எடுத்தால் அலைச்சல் மிச்சம்ப்பா" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். "ஆறு மாசம் போதும்மா, அப்புறம் பார்ப்போம்" என்பார். அந்தப் பழக்கம் 2014-இல் தொடங்கியது.

அந்த ஆண்டு அவருக்கு வயிறு மெல்லப் பெருத்தது. லோரி ஓட்டுபவருக்குத் தொந்தி விழாமல் இருக்குமா என்று கேலி செய்தோம். கிளினிக்கில் வாயு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். வயிறு பெருக்க, கைகளும் முகமும் மெலிந்துகொண்டே வந்தன. அதை முதலில் கவனித்தவர் அம்மாதான்.

ஸ்கேனில் தெரிந்தது. குடல்வாலில் உண்டான கட்டி வெடித்து, கூழ் போன்ற சளி வயிறு முழுவதும் பரவியிருந்தது. சூடோமிக்சோமா பெரிட்டோனி என்று பெயர். பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஓரிருவருக்கு மட்டுமே வரும் நோய்.

காலையில் அறுவை அறைக்குள் போனவர் இரவில்தான் வெளியே வந்தார். குடல்வால், பெருங்குடலில் ஒரு பகுதி, மண்ணீரல், வயிற்றின் உட்சவ்வு எல்லாவற்றையும் எடுத்தார்கள். பிறகு சுமார் 42 டிகிரிக்குச் சூடாக்கிய புற்றுநோய் மருந்தை ஒன்றரை மணி நேரம் வயிற்றுக்குள் சுழலவிட்டார்கள்.

"கண்ணுக்குத் தெரிந்ததை எல்லாம் எடுத்துவிட்டோம்" என்றார் டாக்டர்.

"கண்ணுக்குத் தெரியாதது?" என்று கேட்டார் அப்பா. அந்தக் கேள்வியோடுதான் பத்து ஆண்டுகள் வாழ்ந்தோம்.

பிழைத்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்திருந்தேன். மண்ணீரல் இல்லாதவருக்குச் சாதாரணக் காய்ச்சல்கூட ஆபத்து. தடுப்பூசிகள் போட்டாக வேண்டும். குடல் குறைந்ததால் நெடுஞ்சாலையில் போகும்போது அடுத்த கழிப்பறை எங்கே என்பதுதான் முதல் கவலை. கல்யாண விருந்தில் அரை வயிற்றுக்குச் சாப்பிட்டு எழுந்துவிடுவார். ஸ்கேனுக்கு முந்தைய வாரம் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசமாட்டோம்.

உறவினர்கள் "முழுசாக் குணமாயிடுச்சா?" என்று கேட்கும்போதெல்லாம் அப்பா சிரித்து மழுப்புவார். குணமாகிவிட்டது என்று டாக்டர் ஒருநாளும் சொன்னதில்லை. "இந்த முறை ஒன்றும் தெரியவில்லை" என்பதுதான் அவர் தரும் பதில்.

இதே சிகிச்சை பெற்ற 2,298 பேரைப் பற்றி 2012-இல் வெளியான ஓர் ஆய்வைப் பிறகு படித்தேன். பத்து ஆண்டுகள் உயிரோடு இருந்தவர்கள் 63 விழுக்காடு. அப்பாவிடம் சொன்னேன்.

"அந்த 63-இல் நான் இருக்கணுமே" என்றார்.

"இருக்கீங்கப்பா. பத்து வருசம் முடிஞ்சிடுச்சு."

விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

காரணமில்லாமல் வயிறு பெருத்தால் தொந்தி என்று சிரித்துவிடாதீர்கள்; ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். புற்றுநோயிலிருந்து மீண்டவரைப் பார்க்கும்போது, குணமாகிவிட்டதா என்று கேட்பதற்குப் பதிலாக அடுத்த தீபாவளிக்கு என்ன செய்யப் போகிறார் என்று கேளுங்கள்.

போன மாதம் ரோட் டேக்ஸ் முடிந்தது. கைப்பேசியில் புதுப்பித்துத் தரச் சொன்னார். வழக்கம்போல் ஆறு மாதத்தை அழுத்தப் போனேன்.

"ஒரு வருசத்துக்கே போடும்மா" என்றார் அப்பா.