டோரேமான் ஏன் நழுவியது?

கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலையில் முளைக்கும் கடைகளில் வளையம் போடும் கடைக்கு எப்போதும் கூட்டம்தான். சோப்பு டப்பா மேல் வளையம் லேசில் விழாது. ஆனாலும் வளையம் நம் கையில். "அண்ணே, விழுந்துச்சு, பார்த்தீங்கல்ல?" என்று சண்டையாவது போடலாம்.

இதற்கு ஜப்பானில் ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. 1985-ல் செகா கம்பெனி 'யூஎஃப்ஓ கேச்சர்' என்ற பெயரில் இறக்கியது. காசு போட்டால் இரும்புக் கை இறங்கி பொம்மையைக் கவ்வும். ஹலோ கிட்டி, பிகாச்சு போன்ற கார்ட்டூன் பொம்மைகள்தான் தூண்டில் புழு. அந்த வகைப் பெட்டிகள் இப்போது நம் ஊர் மால்களிலும் நிற்கின்றன.

திருவண்ணாமலையில் பூக்கட்டும் அம்மா ஒருவர், லீவுக்கு மகளைச் சென்னைக்குக் கூட்டிவந்தார். மாலில் நீல நிற டோரேமானைப் பார்த்ததும் ஏழு வயது மகள் நகரவே இல்லை. இரும்புக் கை தூக்கியது, பாதியில் விட்டது. நாலு டோக்கன், அதாவது நாலு முழம் பூவுக்கு மேல் காசு, காலி.

"நான் சரியாத்தாம்மா வெச்சேன். அதுவா விட்டுடுச்சு!"

குழந்தை சொன்னது நிஜம். பிடி எவ்வளவு இறுக வேண்டும் என்பதை மெஷின்காரரே செட் செய்யலாம். இத்தனை ஆட்டத்துக்கு ஒருமுறைதான் இறுகும் என்று வைக்கிற மெஷின்களும் உண்டு. அம்மா ஆளைத் தேடினார். டோக்கன் கவுன்ட்டர் பையன், "அது மெஷின்க்கா" என்றான்.

ஜப்பானில் பல கடைகளில், ரொம்ப நேரம் திணறினால் ஊழியரைக் கூப்பிடலாம். பெட்டியைத் திறந்து பொம்மையை வாகாக நகர்த்தி வைத்துவிட்டுப் போவார்.