உம்மா ஏறிய கப்பல்

1972இல் கட்டப்பட்டது 'ஸ்கொட்டியா பிரின்ஸ்'. இருபது வருடங்களுக்கு மேல் அமெரிக்காவுக்கும் கனடாவுக்குமிடையே ஓடிக் களைத்த பிறகு, 2011 ஜூனில் கொழும்பு - தூத்துக்குடிப் பாதைக்கு வந்தது. 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றதிலிருந்து, பிளேனுக்குப் பயந்த உம்மா, காயல்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்ட தன் லாத்தாவைக் கண்டதில்லை.

ஒக்டோபரில் ஏறினோம். பாதி இருக்கைகள் காலி. இது எத்தனை நாளைக்கென்று எனக்கு அப்போதே ஐயம். உம்மாவோ தொதல் பொதியை மடியைவிட்டு இறக்கவில்லை.

"வார நோன்புப் பெருநாளைக்கும் இதுலயே போவம் மகன்."

நான் தலையாட்டினேன். வேறென்ன சொல்வது?

விடிய, தூத்துக்குடித் துறைமுகத்தில் இரு கிழவிகளும் கட்டிக்கொண்டு நின்றார்கள். எங்களால் பிரிக்க முடியவில்லை.

நவம்பரில் சேவை நின்றது. 2012இல் கப்பலைப் பங்களாதேஷில் உடைத்தார்கள். பெரியம்மா மௌத்தான செய்தி தொலைபேசியில் வந்தது.