கணக்கில் சேராத ஆறு கோல்கள்

ஸ்காட்லாந்தின் முன்கள வீரர் டெனிஸ் லாவைப் பற்றிப் பேச்செடுத்தால், கால்பந்து அறிந்தவர் பலரும் முதலில் குறிப்பிடுவது ஒரே ஒரு கோலைத்தான். 1974 ஏப்ரல் 27 அன்று, மான்செஸ்டர் சிட்டிக்காக ஆடிய அவர், தாம் 11 ஆண்டுகள் இருந்த மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக, ஓல்ட் டிராஃபோர்டு திடலில், பந்தைக் குதிகாலால் தட்டி வலைக்குள் அனுப்பினார். கொண்டாடவில்லை, தலைகுனிந்து நடந்தார். லீக்கில் அவர் அடித்த கடைசி கோல் அது. தம்மை ஆளாக்கிய கழகத்தைத் தாமே இரண்டாம் பிரிவுக்குத் தள்ளினார் என்ற கதை இன்றும் சொல்லப்படுகிறது.

அது உண்மையன்று. அதே நாளில் பர்மிங்காம் சிட்டி நார்விச்சை வென்றதால், அந்த கோல் விழாதிருந்தாலும் யுனைடெட் இறங்கியே இருக்கும். 42 ஆட்டங்கள் கொண்ட பருவத்தின் சரிவு முழுவதையும் ஒரு மனிதரின் குதிகாலில் ஏற்றிவிட்டோம். கடைசியாக நிகழ்ந்ததையே காரணமாகக் கொள்ளும் இப்பழக்கம் வரலாற்றுத் துறையில் உள்ள நமக்கும் புதிதல்ல.

லா, அபர்தீன் மீனவர் ஒருவரின் ஏழு பிள்ளைகளில் கடைக்குட்டி. மாறுகண் உடையவர், அறுவைச் சிகிச்சைக்கு முன்பு ஒரு கண்ணை மூடிக்கொண்டே ஆடினார். 1964இல் பலோன் தோர் விருது பெற்றார். ஸ்காட்லாந்தியர் வேறெவரும் இதுவரை பெற்றதில்லை. நாட்டுக்காக 55 ஆட்டங்களில் 30 கோல்கள். அதே 30 கோல்களை அடித்த கென்னி டால்கிலீஷ் மொத்தம் 102 ஆட்டங்கள் ஆடினார்.

என்னை விடாமல் பிடித்திருப்பது வேறொரு நாள். 1961 ஜனவரி 28, எஃப்.ஏ. கோப்பை, லூட்டன் திடல். சிட்டி இரண்டு கோல்கள் பின்தங்கியிருந்தது. பிறகு லா ஆறு கோல்கள் அடித்தார். 6-2 என்ற நிலையில், 69ஆவது நிமிடத்தில், மழைநீர் தேங்கியதால் ஆட்டம் கைவிடப்பட்டது. ஆறும் பதிவேட்டிலிருந்து நீங்கின. மறுஆட்டத்தில் லூட்டன் 3-1 என வென்றது.

1974 ஆட்டமும் முழுமையாக முடியவில்லை. பார்வையாளர்கள் திடலுக்குள் புகுந்ததால் சில நிமிடங்கள் மீதமிருக்கையில் கைவிடப்பட்டது. ஆனால் அந்த முடிவு செல்லும் என லீக் அறிவித்தது. (இரு சூழல்களும் ஒன்றல்ல என்பதை அறிவேன், லூட்டனில் இன்னும் 20 நிமிடங்களுக்கு மேல் இருந்தது.) எதையும் மாற்றாத கோல் நிலைத்தது, மாற்றியிருக்கக்கூடிய ஆறு மறைந்தன. எஃப்.ஏ. கோப்பையில் லாவின் கணக்கு 41, பின்னாளில் அதை முந்திய இயான் ரஷ்ஷின் கணக்கு 44. ஆறையும் சேர்த்து, நடந்திருக்காத மறுஆட்டத்தின் ஒரு கோலைக் கழித்தாலும் 46.

என் ஆய்வுக்குரிய நகராட்சிப் பதிவேடுகளிலும் சிவப்பு மையால் அடிக்கப்பட்ட வரிகள் உண்டு. ரத்தானவற்றை அட்டவணையில் சேர்க்க வேண்டாம் என்கிறார் நெறியாளர். தனிப் பத்தியிலாவது அவை நிற்கவேண்டும் என்பது என் கட்சி. அடுத்த மாதக் குழுக் கூட்டத்திலும் அதையே வாதிடுவேன். அடித்தவர் ஒருவர், எழுதியவர் ஒருவர்; இருவரின் செயலும் நிகழ்ந்தவையே.

2021இல் தமக்கு மறதிநோய் இருப்பதை லா தாமே வெளிப்படையாக அறிவித்தார். 2025 ஜனவரியில், 84ஆம் வயதில் மறைந்தார். லூட்டனில் சிட்டி தோற்ற அந்த மறுஆட்டத்தின் ஒரே கோலையும் அவர்தான் அடித்தார். அது கணக்கில் இருக்கிறது.