இடிபாட்டில் ஆள் தேடும் நாய்கள்

திருவள்ளூர் லைனில் மின்சார ரயில் ஏறுகிறவர்களுக்கு அரக்கோணம் என்றால் ஒரு பெரிய ஜங்ஷன், அவ்வளவுதான். (சிலருக்கு கடற்படை விமானதளம் ஞாபகம் வரலாம்.) தேசிய பேரிடர் மீட்புப் படையின் 4-வது பட்டாலியன் இருப்பதும் அங்கேதான். 2005-ல் வந்த பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி 2006-ல் உருவான படை அது. அதில் வாலாட்டுகிற வீரர்களும் உண்டு!

மோப்ப நாய் என்றதும் சினிமாவில் பார்த்ததுதான் நினைவுக்கு வரும். திருடன் விட்டுப்போன செருப்பை முகர்ந்துவிட்டு மெயின் ரோடு வரை ஓடி, அங்கே நின்றுவிடும். இடிபாட்டில் தேடுகிற நாய்க்கு செருப்பும் வேண்டாம், சட்டையும் வேண்டாம். மனித உடம்பிலிருந்து தோல் துகள்கள் ஓயாமல் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. அந்த வாசனையும் மூச்சு, வியர்வை வாசனையும் கல் இடுக்கு வழியாகக் காற்றில் கலந்து வெளியே வரும். அது பலமாக வருகிற இடத்தில் நின்று நாய் குரைக்க வேண்டும். பெரும்பாலும் இன்னொரு நாயையும் கொண்டுவந்து விட்டுப் பார்ப்பார்கள். அதுவும் அங்கேயே குரைத்தால் சந்தேகம் தீர்ந்தது.

உள்ளே இருப்பவர் யார் என்று நாய்க்குத் தெரிய வேண்டியதில்லை. இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது மவுலிவாக்கத்தில் தெரிந்தது.

2014 ஜூன் 28, சனிக்கிழமை சாயங்காலம். மழை பெய்துகொண்டிருந்தபோது, கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் அப்படியே சரிந்தது. உள்ளே எத்தனை பேர் என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஆந்திரா, ஒடிசா, தமிழ்நாட்டின் பல ஊர்கள் என எங்கிருந்தெல்லாமோ வேலைக்கு வந்தவர்கள். அரக்கோணம் படை நாய்களோடு தேடியது. 61 பேர் இறந்தார்கள், 27 பேர் உயிரோடு வந்தார்கள். அதில் ஒருவர் வெளியே வந்தது சுமார் மூன்று நாட்களுக்குப் பிறகு. எல்லாம் நாய் செய்த வேலை என்று சொன்னால் அது பொய். கான்கிரீட்டை அறுத்தவர்களும் கையால் கல்லைப் பொறுக்கியவர்களும் இருந்தார்கள்.

எட்டே நாளில், ஜூலை 6 அன்று, திருவள்ளூர் மாவட்டம் உப்பரபாளையத்தில் ஒரு கிடங்கின் சுற்றுச்சுவர் குடிசைகள் மேல் விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த 11 தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். மாடிகள் சரியும்போது தூணுக்கும் தளத்துக்கும் நடுவே சில சமயம் ஆள் ஒடுங்கிக் கிடக்க இடம் கிடைக்கும். குடிசை மேல் சுவர் விழுந்தால் அந்த இடமும் கிடைப்பது அரிது. அங்கே எந்த நாய் வந்து என்ன செய்ய?

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஷிப்ட் முடிகிற நேரத்தில் நின்று பாருங்கள். இந்தி, ஒடியா, வங்காளி எல்லாம் காதில் விழும். பலரை கான்ட்ராக்டர் பெயரைச் சொன்னால்தான் கேட்டில் அடையாளம் தெரியும். ஒரு ஷெட் சரிந்தால் உள்ளே யார் யார் என்று ரிஜிஸ்டர் சொல்வது ஒன்று, மேஸ்திரி சொல்வது இன்னொன்று என்று ஆகலாம். நாய் இரண்டையும் கேட்காது.

இவ்வளவும் எதற்காகச் செய்கிறது? ஒரு பந்துக்காக! பயிற்சியில் ஒரு ஆளை ஒளித்து வைப்பார்கள். கண்டுபிடித்துக் குரைத்தால் பந்து கிடைக்கும், விளையாட்டு கிடைக்கும். 2001-ல் நியூயார்க் இரட்டைக் கோபுர இடிபாட்டில் உயிரோடு ஆளே கிடைக்காமல் நாய்கள் சோர்ந்துபோயின. அதனால் மீட்புக்காரர்களே போய் ஒளிந்துகொண்டு, நாய்களைக் கண்டுபிடிக்க விட்டார்கள். உயிரோடு இருப்பவரைத் தேடுவது ஒரு பயிற்சி, சடலம் தேடுவது வேறு பயிற்சி. 2024 வயநாடு நிலச்சரிவில் கேரள போலீசின் மாயாவும் மர்ஃபியும் செய்தது இரண்டாவது வேலை.

2023 பிப்ரவரியில் துருக்கி பூகம்பத்துக்கு இந்தியப் படையோடு போன ஜூலி, நூர்தாகி என்ற ஊரில் ஓர் இடிபாட்டின் மேல் நின்று குரைத்தது. அடுத்து ரோமியோவை விட்டார்கள். அதுவும் குரைத்தது. கீழே ஆறு வயதுச் சிறுமி உயிரோடு இருந்தாள்.

நம்மூரில் அவற்றுக்கு வெயில்தான் எதிரி. நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கிற நாயால் ஒழுங்காக மோப்பம் பிடிக்க முடியாது. அதனால் கொஞ்ச நேரம் தேடவிட்டு, நிழலில் கட்டி, தண்ணீர் காட்டி மறுபடியும் அனுப்புவார்கள். அடுத்த எதிரி நாம்தான். எங்கே விபத்து என்றாலும் செல்போனை நீட்டிக்கொண்டு இடிபாட்டின் மேலேயே ஏறி நிற்கிறோம். நாய் தேடுவதோ மனித வாசனையை!