கேட்பாரின்றியும் பாடும் வாவி

ஈழத்தின் கீழைக் கரையிலே, கடலோடு முற்றும் கலந்துவிடாமலும் கடலை விட்டு நீங்காமலும் கிடக்கின்றது மட்டக்களப்பு வாவி. வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. ஞாயிறு எழும் புறத்தை எழுவான்கரை என்றும், படும் புறத்தைப் படுவான்கரை என்றும் இந்நாட்டு மக்கள் வழங்குவர். எழுவான்கரையிலே நெடுஞ்சாலையும் சந்தையும் பள்ளிகளும் நெருங்கியிருக்கின்றன. படுவான்கரையிலே வயலும் குளமும் மாட்டுப்பட்டியும் பரந்து கிடக்கின்றன.

கொழும்பிலிருந்து புகைவண்டியில் வந்திறங்கிய நாம், புளியந்தீவில் 1628 இல் போர்த்துக்கீசர் கட்டி, 1638 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டையைப் பார்த்துவிட்டுக் கல்லடிப் பாலத்தை அடைந்தோம். 1924 இல் அமைந்த பழைய இரும்புப் பாலமும், 2013 இல் திறக்கப்பெற்ற புதிய பாலமும் அருகருகே நிற்கின்றன. வண்டிகள் புதிய பாலத்தில் விரைகின்றன. வாவியின் அழகைக் காண விரும்புவோர் பழைய பாலத்தை நாடுகின்றனர்.

இப்பாலத்தின் அருகிலேதான், நிலவு காயும் அமைதியான இரவுகளில், நீருக்கடியிலிருந்து இன்னோசை எழும் என்பர். மீன்பாடும் தேனாடு என்று மட்டக்களப்பு பெயர் பெற்றமைக்கு இதுவே காரணம். இலங்கை அரசாங்கத்தின் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் தெனன்ட் 1848 செப்டெம்பரில் இங்கு வந்தபோது, தோணியில் சென்று இவ்வோசையைக் கேட்டார். நனைந்த விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் மெல்லொலிக்கு அதனை ஒப்பிட்டு எழுதியுள்ளார். தோணியின் மரத்தில் காதை வைத்துக் கேட்டபோது ஓசை மேலும் தெளிவாயிற்று என்பதும் அவர் தரும் செய்தி. ஓசையை எழுப்புவது மீன் என்பார் சிலர். ஊரி என்னும் சிப்பியினம் என்பார் சிலர். எதுவாயினும், மேலே நின்று உரக்கப் பேசிக்கொண்டிருப்பவருக்கு அது கேட்பதில்லை. கேட்பார் இல்லையென்று அது ஓய்ந்துவிடுவதுமில்லை.

இவ்வாவிக் கரையிலே நம் மாணவர்க்குச் சொல்லத்தக்க செய்தி ஒன்று உண்டு. பிறர் நன்று என்றால் நெஞ்சு நிமிர்வதும், பிறர் வாளாவிருந்தால் வாடிப்போவதும் இளமையின் இயல்பு. அந்நாளில் அயலாரின் வாய்ச்சொல்லுக்கு ஏங்கினோம். இந்நாளில் கைப்பேசித் திரையில் எத்தனை பேர் விருப்பம் தெரிவித்தனர் என்று எண்ணிப் பார்க்கிறோம். ஏக்கம் ஒன்றே. அவ்வேக்கத்திலிருந்து விடுபட்டுத் தன் காலில் நிற்கும் நம்பிக்கையை ஒருவன் எங்ஙனம் பெறுவது?

விடையைத் தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. பாலத்தைக் கடந்தால் கல்லடி உப்போடை. அங்கே 1929 இல் நிறுவப்பெற்ற சிவானந்த வித்தியாலயத்தின் வளவில் அதன் நிறுவுநர் விபுலாநந்த அடிகள் துயில்கின்றார். பாடும் மீனின் ஓசையை நீரர மகளிரின் இசையாகக் கற்பித்துக் கவிதை யாத்த பெருமகனார் அவர். சமாதியின்முன் சிறிது நேரம் நின்றோம். அருகிலிருந்த வகுப்பறையிலிருந்து பிள்ளைகள் வாய்பாடு சொல்லும் ஒலி வந்தது.

அடிகளார் 1892 இல் காரைதீவில் பிறந்தவர். இளமைப் பெயர் மயில்வாகனம். கல்முனையிலும், மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்றார். 1916 இல் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியின் விஞ்ஞான டிப்ளோமாவும், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டமும் பெற்றார். 1920 இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரியாகி, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராகவும் அமர்ந்தார். உலகம் மெச்சும் வாழ்வுக்கு இவை போதும். ஆயினும் 1922 இல் அப்பதவியைத் துறந்து சென்னை இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்தார். 1924 இல் துறவு பூண்டார். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவர், இரண்டு ஆண்டுகளில் அதனையும் விட்டு நீங்கினார்.

அவரை ஈர்த்தது வேறொன்று. பழந்தமிழர் மீட்டிய யாழ் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே வழக்கொழிந்தது. பார்த்தவரும் இல்லை, கேட்டவரும் இல்லை. சிலப்பதிகாரத்திலும் அதன் உரைகளிலும் கிடந்த குறிப்புகளைக் கொண்டு அவ்விசைக் கருவியின் இலக்கணத்தை மீட்டெடுக்க முனைந்தார் அடிகள். இவ்வாராய்ச்சி ஏறத்தாழ 14 ஆண்டுகள் நீடித்தது. 1939 இல் இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதிக்குச் சென்று 'பிரபுத்த பாரதம்' என்னும் ஆங்கில இதழின் ஆசிரியராயிருந்த நாட்களிலும், 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரான பின்னரும் அவ்வேலை தொடர்ந்தது.

பதினான்கு ஆண்டு! நாள்தோறும் தோளைத் தட்டிக்கொடுக்க யார் இருந்தனர்? தமிழறிந்தோர் பலர்க்கு ஒலிநூற் கணிதம் தெரியாது. கணிதம் அறிந்தோர் பலர்க்குப் பழந்தமிழ்ப் பண் தெரியாது. இரண்டும் தெரிந்து, சரி, தவறு என்று சொல்ல வல்லார் அரியர். அடிகளுக்குத் துணைநின்றது கணக்கு. நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் அதே சுரம் மேல்தானத்தில் ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் குரலுக்கு இளி பிறக்கும். ஊரார் மெச்சினாலும் அந்த மூன்றில் இரண்டு இம்மியளவும் மாறாது. ஊரார் நகைத்தாலும் மாறாது. மெச்சுவோர் இல்லாத நாட்களிலும் தான் செல்லும் வழி சரியா என்று அறிந்துகொள்ள அத்தகைய அளவுகோல் ஒன்று அவர் கையில் இருந்தது.

நாம் இங்கே கருதவேண்டியது இன்னொன்று. பிறர் மெச்சவேண்டும் என்று காத்திராதவன், பிறர் சோதிப்பதை வெறுப்பவன் அல்லன். அடிகள் தேர்வுகளுக்கு அஞ்சவில்லை. தம் முடிபுகளை யாரும் சரிபார்க்கத்தக்க எண்களாக எழுதிவைத்தார். 1947 ஜூன் 5, 6 ஆம் நாட்களில் தமிழ்நாட்டிலே திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவுடன், அறிஞர் அவையில் யாழ்நூல் அரங்கேறியது. நூலின் இலக்கணத்திற்கேற்ப அமைத்த யாழும் அங்கு மீட்டப்பெற்றது. ஒன்றரை மாதத்திற்குள், ஜூலை 19 ஆம் நாள், அடிகள் கொழும்பில் மறைந்தார். பாராட்டைத் துய்ப்பதற்காகவே உழைத்திருந்தால், அந்த உழைப்புக்கு இது எவ்வளவு சிறிய கூலி!

தெற்கே செல்லும் சாலையைப் பற்றினோம். காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்முனை எனத் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் ஊர்கள். ஒருபுறம் கடற்காற்று, மறுபுறம் வாவிக்காற்று. கல்முனைக்குத் தெற்கேயுள்ள காரைதீவு கண்ணகி அம்மன் கோயிலால் பெயர்பெற்ற ஊர். கண்ணகியின் கதையை வழக்குரையாகப் பாடும் மரபு வைகாசிச் சடங்கிலே வழங்கும் நாடு இது. சிலப்பதிகாரத்தின் யாழைத் தேடிச் சென்ற பிள்ளை இம்மண்ணிற் பிறந்தது வியப்பன்று.

திரும்பும் வழியில் மண்முனையருகே வாவியைக் கடந்து படுவான்கரை சென்றோம். 2014 இல் பாலம் திறக்கப்படும்வரை, 'பாதை' என்று மக்கள் சொல்லும் மிதவையே இங்குத் துணை. இந்தப் படுவான்கரை, அடிகளார் ஒருவர்க்கே உரியதென்று நாம் எண்ணக்கூடிய அந்த உறுதியை ஊர்முழுதும் கொண்டிருந்தமைக்குச் சான்று. வடமோடி, தென்மோடி என்னும் கூத்துக்களை இவ்வூரார் தலைமுறை தலைமுறையாக ஆடிவந்தனர். அண்ணாவியார் சட்டம் கொடுப்பார், சதங்கை அணிவர், கிழமைக் கூத்து, அடுக்குப் பார்த்தல் எனப் பல மாதம் பழகியபின் வட்டக்களரியில் அரங்கேறும். நகரத்துப் படிப்பாளிகள் பலர் இதனை நாட்டுப்புறத்தார் ஆட்டம் என்று ஒதுக்கினர். ஆடியவர்கள் அதற்காக நிறுத்தவில்லை. மத்தளத்திற்குக் கால் பொருந்தியதா என்பதே அவர்கள் பார்த்த கணக்கு. தாளம் பிசகினால் களரியிலேயே தெரிந்துவிடும்.

1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இக்கூத்து மரபைக் கற்று, 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றைப் புதுமுறையில் மேடையேற்றியபோது நகரமும் கைதட்டியது. அந்தக் கைதட்டல் வரட்டும் என்று அண்ணாவிமார் காத்திருந்திருந்தால், பேராசிரியர் கற்பதற்கு ஒரு கூத்தும் எஞ்சியிராது.

மாணவச் செல்வங்களே! தன்னம்பிக்கை என்பது 'நான் வல்லவன்' என்று கண்ணாடி முன்னின்று சொல்லிக்கொள்வதால் வருவதன்று. பிறர் சொல் எதுவும் வேண்டாம் எனச் செவியை மூடிக்கொள்வதாலும் வருவதன்று. கணக்கோ, கவிதையோ, தையலோ, தோட்டமோ, எடுத்துக்கொண்ட தொழிலில் சரி எது, பிழை எது என்று தானே அறியும் அளவுகோலை முதலில் தேடிக்கொள்ளவேண்டும். அதனைக் கொண்டு நேற்றைய வேலையை இன்று அளந்து பார்க்கவேண்டும். பிழையைக் காட்டுபவர் வந்தால் வரவேற்கவேண்டும். புகழ்பவர் வந்தால் நன்றி கூறி, வேலைக்குத் திரும்பவேண்டும். பெற்றோர்க்கும் ஒரு சொல்: பிள்ளையின் வேலையைக் கண்டதும் "கெட்டிக்காரன்" என்று முடித்துவிடாமல், "இது சரியென்று உனக்கு எப்படித் தெரிந்தது?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அதற்கு விடை சொல்லப் பழகிய பிள்ளை, நீங்கள் அருகில் இல்லாத நாளிலும் தளராது நிற்கும்.