எழுத்துகளால் எழுந்த கோட்டை

ஆடம்ஸ் சகோதரர்கள் 2006இல் வெளியிட்ட 'ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ்' கணினி விளையாட்டில் படங்களே கிடையா. குள்ளர்கள் குடைந்த கோட்டை முழுவதும் எழுத்துகளும் குறிகளுமாகவே திரையில் விரியும். ஆங்கிலச் சிறிய 'சி' பூனை. சிறிய 'டி' நாய். பெரிய 'டி' வந்தாலோ நெருப்புமிழும் டிராகன்! விசைப்பலகைக் கட்டளைகள் நம் விரல்களுக்கு மனப்பாடமாயிருந்தன.

2022 டிசம்பரில் வந்த பதிப்பில் ஓவியங்களும் சுட்டியால் சொடுக்கும் பட்டியல்களும் இடம்பிடித்தன. பழகிய விரல்கள் திகைத்தன. அன்று பூனையை வாசித்தோம். இன்று வெறுமனே பார்க்கிறோம். ஆயினும், எழுத்துக் காட்டுக்கு அஞ்சி விலகிய நண்பர்கள் இப்போது ஆசையாய்க் கோட்டை கட்டுகையில், குறைசொல்ல நமக்கு நா எழவில்லை. எழுத்துத் திரையும் அழிந்துவிடவில்லை; இலவசப் பதிப்பில் இன்றும் இருக்கிறது. விரல்கள்தாம் மீண்டும் அரிச்சுவடி படிக்கின்றன.